பனையின் இரு நீரோட்டங்கள்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத்தீவு ஆகிய யாழ்ப்பாணத் தீவுகள் எதிலும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மாரிமழை சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்பதே அங்குள்ள கிணறுகளுக்கும் மரங்களுக்கும் முதல். அந்தப் படையிலிருந்து எடுத்த நீரை முதிர்ந்த பனையொன்று இருபது மீற்றருக்கும் மேல் உயர்ந்த ஓலைகளுக்கு ஏற்றுவதும், ஓலைகள் ஆக்கிய இனிப்பை வேருக்கும் பாளைக்கும் பகிர்வதும் தாவரவியலின் பெரும் வியப்புகளுள் அடங்கும்.

நீரையும் அதில் கரைந்த கனியுப்புகளையும் மேலே கொண்டுசெல்லும் இழையம் காழ் எனப்படும். அதன் குழாய்கள் முதிர்ந்ததும் உயிரிழந்து, உள்ளீடற்ற தடித்த சுவர்களாக மட்டும் எஞ்சுவதால், அவை தாமாக நீரைத் தள்ளுவதில்லை. மேலிருந்து உறிஞ்சும் பம்பியை வைத்தாலும் வளியமுக்கத்தால் நீர் பத்து மீற்றருக்குச் சற்று மேல் வரையே ஏறும். இப்புதிருக்கு டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜோன் ஜோலியும் 1894இல் விடை கூறினர். காபனீரொட்சைட்டை உள்வாங்குவதற்காக ஓலையின் இலைவாய்கள் திறந்திருக்கையில் நீர் ஆவியாகி வெளியேறுகிறது; ஆவியுயிர்ப்பு எனப்படும் இந்நிகழ்வின்போது கலச்சுவர்களின் நுண்துளைகளில் நிற்கும் நீரின் மேற்பரப்பு உட்குழிந்து, தனக்குப் பின்னுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவன ஆகையால், கயிற்றின் தலைப்பை இழுத்தால் கிணற்றடியில் வாளி அசைவதுபோல, அந்த இழுவை அறாமல் வேர்நுனி வரை செல்கிறது. இவ்வேற்றத்துக்கான ஆற்றலைத் தருவது வெயிலேயன்றி மரத்தின் வெல்லம் அன்று.

மண்நீரில் உப்பு கூடினால் இழுவையும் கூட வேண்டும். கடல்நீரிலிருந்து நன்னீரை எடுப்பதற்கு ஏறத்தாழ 25 வளிமண்டல அமுக்கத்துக்கு மேற்பட்ட இழுவை தேவை. கரையோரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்கள் அதை நாள்தோறும் செய்கின்றன. உள்ளே நிற்கும் பனைக்கு அச்சுமை ஏறாமல் காப்பது நன்னீர்ப் படையே. கிணற்று நீரை அளவுமீறி இறைக்கும்போது அப்படை மெலிந்து உவர் மேலேறுவது தீவுமக்கள் நன்கறிந்த கேடு. அக்கேடு கிணற்றோடு நிற்பதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெல்லத்தைச் சுமக்கும் இழையமான உரியம் உயிருள்ளது. அதன் நெய்யரிக்குழாய்கள், துளைகள் நிறைந்த தட்டுகளால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட கலங்களால் ஆனவை. கருவை இழந்த அக்கலங்களை அருகிலுள்ள தோழமைக்கலங்கள் பேணுகின்றன. ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் முன்ச் 1930இல் விரித்துரைத்த கொள்கையின்படி, ஓலையில் சுக்குரோசு எனும் வெல்லம் உரியத்துள் ஏற்றப்படுகையில், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் செல்லும் பிரசாரணத்தால் அயலிலுள்ள காழிலிருந்து நீர் உட்புகுந்து அமுக்கம் உயர்கிறது. பாளையிலோ வெல்லம் செலவாவதால் நீர் வெளியேறி அமுக்கம் தாழ்கிறது. இவ்வேறுபாடே கரைசலை ஓடச் செய்கிறது.

காழில் இழுவையும் உரியத்தில் தள்ளலும் இருப்பதால், வெட்டுப்பட்டால் முன்னது காற்றை உள்ளிழுக்கும். பின்னது சாற்றைக் கசியவிடும். சீவல் தொழில் முழுவதும் இந்த இரண்டாவது உண்மைமேல் நிற்கிறது. தொழிலாளி இளம் பாளையைப் பதமாக நசுக்கி, இறுக்கிக் கட்டி, நுனியை ஓலைத் தடிப்பளவே சீவி, முட்டியைப் பொருத்துகிறார். காயம்பட்ட நெய்யரித் தட்டுகளைக் கலோசு எனும் பொருளால் அடைத்து இழப்பைத் தடுப்பது தாவரத்தின் இயல்பு. காலையும் மாலையும் புதிதாகச் சீவப்படுவதால் அடைப்பு நிலைக்காமல் ஓட்டம் வாரக்கணக்கில் நீடிக்கிறது. கத்தி சற்று ஆழ்ந்தால் பாளை வீணே குறுகும். நாள் தவறினால் வாய் அடைபடும். நூலறிவுக்கு நெடுங்காலம் முன்பே கை அறிந்த இந்நுட்பத்துக்குத் தாவரவியல் உரிய மதிப்பைத் தர வேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் மதுவங்கள் பெருகாமல் இனிய கருப்பநீர் கிடைக்கிறது. பூசாவிட்டால் அது கள்ளாகிறது. அந்நீரில் வெல்லம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி, சுண்ணக்கல்லிலிருந்து காழ் வழியே ஏறி, ஓலையில் உரியத்துக்கு மாறிய நீர். பனங்கட்டிக்காகக் கருப்பநீரைக் காய்ச்சுவோர் அந்த நீரையே ஆவியாக்குகின்றனர்.

நெடுந்தீவில் நிற்கும், ஆபிரிக்காவுக்குரிய பெருக்கமரம் பனைக்கு மாறான அமைப்புடையது. அதன் உரியம் பட்டையிலும், நீர் கடத்தும் காழ் அதையடுத்த வெளிப்பகுதியிலும் இருப்பதாலும், இடையிலுள்ள மாறிழையம் இரண்டையும் புதுப்பிப்பதாலும், ஆள் நுழையுமளவு நடு பொந்தான பின்னும் அது தழைக்கிறது. பனைக்கு மாறிழையம் கிடையாது. ஆகவே, அடிமரத்தில் இளமையில் உருவான நெய்யரிக்குழாய்களே மரம் வாழும் பல பத்தாண்டுகளும் உயிரோடு பணியாற்ற வேண்டும். கருவற்ற கலங்கள் இத்துணைக் காலம் வாழ்வது உயிருலகில் மிக அரிது. காழும் உரியமும் சேர்ந்த கலன்கட்டுகள் தண்டெங்கும் சிதறி, வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கின்றன. கூரைக்கு அறுத்த பனஞ்சிலாகையின் வெட்டுமுகத்தில் தெரியும் கரும்புள்ளி ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு கட்டைச் சூழ்ந்து வைரமேறிய நார்.