ஆக்சிஜனேற்ற அழுத்தம்: நீரிழிவாளர் அறிய வேண்டிய அறிவியலும் சட்டமும்

நீரிழிவு நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் இதயத்தையும் ஏன் ஒருசேரத் தாக்குகிறது என்ற கேள்விக்கு மருத்துவ அறிவியல் தரும் விடைகளுள் முதன்மையானது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்னும் கருத்தாகும். இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ள நிலையில், இக்கருத்தைச் சரியாக அறிந்துகொள்வது பெருந்திரளான மக்களின் நலனோடு நேரடித் தொடர்புடையதாகிறது. அறிவியலில் நிறுவப்பட்ட இந்தச் சொல்லையே விளம்பரமாக்கி, நீரிழிவை வேரோடு அகற்றுவதாகக் கூறும் பொடிகளும் மாத்திரைகளும் சந்தையில் விற்கப்படுவதால், நோயின் இயல்பை அறிவதோடு தமக்குள்ள சட்டப் பாதுகாப்பையும் நீரிழிவாளர் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

உயிரணுவுக்குள் நிகழ்வது

உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்றி, இறுதியில் ஆக்சிஜனிடம் சேர்த்து ஆற்றலை உண்டாக்குகின்றன. இந்தக் கைமாற்றத்தில் சில எலக்ட்ரான்கள் இடையிலேயே நழுவி ஆக்சிஜனோடு சேரும்போது, சூப்பராக்சைடு போன்ற, எதனுடனும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. இவை ஃப்ரீ ரேடிக்கல்கள் எனப்படும். நலமுள்ள உடலிலும் இவை ஓயாமல் தோன்றுகின்றன என்றாலும், குளுட்டாதயோன் என்னும் பொருளும் சில நொதிகளும் அவற்றை உடனுக்குடன் செயலிழக்கச் செய்கின்றன. தோன்றும் அளவு இந்தத் தற்காப்பை விஞ்சி, உயிரணுவின் கொழுப்பும் புரதமும் மரபணுப் பொருளும் சேதமுறத் தொடங்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஆகும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது பெரும்பாலான உயிரணுக்கள் தம்முள் நுழையும் குளுக்கோஸைக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களிலும், சிறுநீரக வடிகட்டிகளிலும், நரம்புகளிலும் உள்ள உயிரணுக்களுக்கு அவ்வாறு தடுக்கும் ஆற்றல் போதாமையால், அங்கெல்லாம் சர்க்கரை தடையின்றிப் புகுந்து சூப்பராக்சைடைப் பெருக்குகிறது. மிகுந்த குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது, குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான துணைப்பொருளும் செலவாகிவிடுவதால், தாக்குதல் பெருகும் வேளையிலேயே தற்காப்பும் தளர்கிறது. நீரிழிவின் பின்விளைவுகளுக்குக் காரணமாகத் தனித்தனியே கண்டறியப்பட்டிருந்த நான்கு வேதிவழிகளையும் தூண்டும் பொதுக் காரணம் இந்தச் சூப்பராக்சைடே என்ற விளக்கத்தை அமெரிக்க அறிஞர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் முன்வைத்தார்.

ஓசையற்ற ஆபத்து

இவ்வழுத்தம் வலியாகவோ காய்ச்சலாகவோ வெளிப்படுவதில்லை. இரத்தக் குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சூப்பராக்சைடு அழித்துவிடுவதாலும், ஆக்சிஜனேற்றமடைந்த கெட்ட கொழுப்பு குழாய்ச் சுவரில் படிவதாலும், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்குமான அடித்தளம் பல ஆண்டுகளாக மறைவிலேயே இடப்படுகிறது. புகைபிடித்தல் இச்சேதத்தைப் பன்மடங்காக்குகிறது.

தொடக்க காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு எவ்வளவு மதிப்புடையது என்பதை, முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993இல் முடிவு வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுள், தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பே இல்லாதிருந்தோருக்கு அப்பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றொரு பிரிவினரைவிட 76 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்த பின்னர் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டபோதும், முன்பு நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடித்தது.

மாத்திரை ஏன் தீர்வாகவில்லை

ஃப்ரீ ரேடிக்கல்கள் தீங்கு செய்கின்றன என்றால் அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் பயன்தர வேண்டுமே என்ற எதிர்பார்ப்பு இயல்பானதுதான். எனினும், நீரிழிவாளர் பலர் உட்பட 9,500க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, வைட்டமின் ஈ-யை நாளொன்றுக்கு 400 அலகு வீதம் சோதித்து 2000இல் முடிவு வெளியான ஆய்வில், இதயநோய் குறையவில்லை. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2005இல் வெளியான முடிவு, வைட்டமின் ஈ உட்கொண்டவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்று மிகுதியாக இருந்ததைப் பதிவு செய்தது. ஊற்றாகிய மிகைச் சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டு விளைவை மட்டும் துரத்துவது போதாது என்பதோடு, கிருமிகளை அழிக்கவும் உயிரணுக்களுக்கிடையே செய்தி கடத்தவும் உடலுக்கு ஓரளவு ஃப்ரீ ரேடிக்கல்கள் தேவைப்படுகின்றன என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. மிகுந்த அளவில் எடுக்கப்படும் வைட்டமின் சி, வீட்டில் பயன்படுத்தும் சில குளுக்கோமீட்டர்களைத் தவறான அளவைக் காட்டச் செய்யக்கூடும் என்பதால், அந்த அளவை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவோர் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

உண்மையான தீர்வு எளியது, ஆனால் தொடர்ச்சியை வேண்டுவது. மருத்துவர் வகுத்த மருந்தை விடாமல் உட்கொள்ளுதல், கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் குறித்த காலத்தில் செய்தல், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்தல், வாரத்துக்கு 150 நிமிட நடைப்பயிற்சி, புகையிலையை அறவே விடுதல், ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீர் ஆல்புமின், பாத உணர்ச்சி ஆகியவற்றைச் சோதித்தல் ஆகியன இதில் அடங்கும். முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பயறு வகைகள் ஆகியவற்றை உணவாக உண்பது நன்று. அவற்றை மருந்துக்கு மாற்றாகக் கொள்வது கேடு.

சட்டம் தரும் பாதுகாப்பு

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ முறைகள் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றுள்ளது. ஊட்டச்சத்துப் பொருள்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், தவறான விளம்பரத்துக்கு அச்சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏமாற்று விளம்பரத்துக்குத் தயாரிப்பாளரையும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவரையும் பொறுப்பாளியாக்கி, மறுமுறை குற்றம் செய்தால் அபராதத்தை 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்த வகை செய்கிறது.

ஏமாற்றப்பட்டவர் இரசீது, புட்டியின் முகப்புச்சீட்டு, விளம்பரத்தின் படம் ஆகியவற்றைப் பாதுகாத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் முறையிடலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். மருந்து வாங்கும் வசதியின்மையால் போலி வாக்குறுதிகளை நாடும் நிலையும் தமிழ்நாட்டில் எவருக்கும் நேர வேண்டியதில்லை; 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்மையானது. அதை ஒரே புட்டியில் அடக்கிவிடலாம் என்ற கூற்றே பொய்யானது. இவ்வேறுபாட்டை உணர்ந்த நீரிழிவாளர், விளம்பரப் பொருளுக்குச் செலவிடும் பணத்தைப் பரிசோதனைக்குச் செலவிட்டு, பொய் வாக்குறுதி தருபவர்மீது தயங்காமல் முறையிடுவாராயின், தம் உடலைக் காப்பதோடு அடுத்தவர் ஏமாறுவதையும் தடுத்தவராவார்.