வழக்குக்குக் காசு திரட்டினால் குற்றம்!

இப்படியும் ஒரு சட்டமா என்று கேட்பீர்கள், தோழர்களே! இருந்தது, கனடா நாட்டிலே! நிலவுரிமை கேட்டு வழக்காடப் பூர்வகுடி மக்களிடம் அரசின் அனுமதியின்றி எவரும் பணம் பெறக்கூடாதென 1927-இல் சட்டம் செய்தனர். காசில்லாமல் எந்த வக்கீல் வருவார்? 1951 வரை அந்தப் பூட்டு திறக்கவில்லை.

பூட்டு திறந்தபின், நிஸ்கா மக்களின் தலைவர் பிராங்க் கால்டர், தாமஸ் பெர்கர் என்ற இளம் வழக்கறிஞரைத் துணைக்கு அழைத்தார். எங்கள் மண்ணை நாங்கள் எவருக்கும் எழுதித் தரவில்லை என்பதே வழக்கு. கீழ் மன்றத்தில் தோல்வி. மேல் மன்றத்தில் தோல்வி. 1973-இல் உச்சநீதிமன்றத்திலும் தோல்விதான்! ஆனால் எப்படிப்பட்ட தோல்வி! வெள்ளையர் வருமுன்பே அம்மக்களுக்கு நிலவுரிமை இருந்ததென ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒப்பினர். அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதில் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தனர். ஏழாமவரோ, வழக்குத் தொடர அரசிடம் அனுமதி வாங்கவில்லையே என்று கூறித் தள்ளிவிட்டார். அரசின்மீது வழக்குப் போட அரசிடமே அனுமதி! நல்ல நியாயம்!

அந்த ஆண்டே ஒட்டாவா அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது.

1974-இல், மெக்கன்சி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் பதிக்கலாமா என விசாரிக்கும் பொறுப்பு, நீதிபதியாகிவிட்ட அதே பெர்கரிடம் வந்தது. 35 ஊர்களுக்கு நேரில் போனார். வேட்டையாடுவோரும் மீன் பிடிப்போரும் தாய்மொழியிலே பேசினர், கேட்டார். 1977-இல் எழுதினார்: நிலவுரிமை தீரட்டும், பத்தாண்டு பொறுத்திருங்கள், காரிபு மான்கள் கன்று ஈனும் வடக்கு யூக்கான் வழியே குழாய் கூடவே கூடாது!

நிஸ்கா மக்களின் உடன்படிக்கை 2000-இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காணக் கால்டர் உயிரோடிருந்தார்.