9 இன்னிங்ஸ் மேட்ச்சில் ஒரே ஒரு பேட்டருக்கு பந்து போட்டு ஜெயித்த இந்தியர்: யார் இந்த இன்னொரு ரிங்கு சிங்?

கூகுளில் 'ரிங்கு சிங்' என்று தட்டினால் முதலில் வருபவர் யார்னு எல்லாருக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் கடைசி ஓவரில் அஞ்சு பந்துக்கு அஞ்சு சிக்ஸர் அடித்த கொல்கத்தா நைட் ரைடர்ஸ் வீரர். உத்தரப் பிரதேசக்காரர், இடது கை. நாம் பேசப்போவது அவரைப் பற்றி இல்லை. இந்த ரிங்குவும் உத்தரப் பிரதேசம்தான், இவரும் இடது கைதான். ஆனால் விளையாடியது பேஸ்பால், அதுவும் அமெரிக்காவில், சம்பளம் வாங்கிக்கொண்டு.

திருப்பூர்க்காரர்களுக்கு பேஸ்பால் அறிமுகமானது விளையாட்டாக இல்லை, ஸ்டைலாக. உடம்பு வெள்ளை, கை மட்டும் நீலமோ சிவப்போ, கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்து இறங்கும் தையல். எந்த பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் 'ராக்லான் ஸ்லீவ்' என்று சொல்லிவிடுவார். கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசும்போது தையல் இழுக்காமல் இருக்கும் என்பதால் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு அந்த வெட்டு பிடித்துப்போனது. பல லட்சம் பீஸ் தைத்து அனுப்பியிருக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாது.

ரிலீஃப் பிட்சர்னா என்ன?

பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். அவருக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் 18.44 மீட்டர். நம் கிரிக்கெட் பிட்ச்சைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் குறைவு, பந்தும் தரையில் குத்தாது. மொத்தம் 9 இன்னிங்ஸ். முதலில் இறங்குபவர் 'ஸ்டார்ட்டர்', அவர் அஞ்சாறு இன்னிங்ஸ் தாக்குப்பிடிப்பார். கை சோர்ந்தாலோ அடி வாங்க ஆரம்பித்தாலோ அவருக்குப் பதில் இறங்குபவர்தான் ரிலீஃப் பிட்சர், சுருக்கமாக ரிலீவர்.

'அட, நம்ம டெத் ஓவர் பவுலர் மாதிரியா?' என்று கேட்டால் பாதி சரி. இங்கே ஒருவர் ரெண்டு ஓவர் போட்டுவிட்டு மறுபடி 18வது ஓவருக்கு வரலாம். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போனால் போனதுதான், அந்த மேட்ச்சில் திரும்ப வர முடியாது. ரிலீவர் 'புல்பென்' என்ற ஓரத்து இடத்தில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். திடீரென்று போன் அடிக்கும். பத்து நிமிஷத்தில் கையைச் சூடாக்கிக்கொண்டு, யாரோ சொதப்பிவைத்த நிலைமையில் போய் நிற்க வேண்டும். நல்லா போட்டால் பெயர் பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்கு, சொதப்பினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது இவரை.

இந்த வேலைக்கு ஒரு தனி மரியாதை வரவே ரொம்ப காலம் ஆனது. ரிலீவர்கள் காப்பாற்றிக் கொடுத்த மேட்ச்சை எண்ணும் 'சேவ்' கணக்கு 1969-ல்தான் அதிகாரபூர்வமானது. அந்தக் கணக்கில் உச்சம், நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா: 652 சேவ். 2019-ல் ஒரு ஓட்டுகூட குறையாமல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஆள் அவர்தான்.

ஈட்டி எறிந்த கை

நம்ம ரிங்குவின் ஊர் வாரணாசி பக்கம் பதோஹி மாவட்டம், கம்பளம் நெய்வதற்குப் பெயர்போன பகுதி. அப்பா லாரி டிரைவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லக்னோவில் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயிற்சியில் இருந்தார்.

2008-ல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஏஜென்ட் ஒரு கணக்குப் போட்டார். கிரிக்கெட் வெறி பிடித்த இத்தனை கோடிப் பேர் இருக்கும் நாட்டில், வேகமாகப் பந்து எறியும் ஒரு கைகூடவா கிடைக்காது? 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று டிவி போட்டி வைத்தார். 37,000-க்கும் அதிகமானோர் வந்து எறிந்து பார்த்தார்கள். மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தவர் ரிங்கு. அவரோடு தேர்வான இன்னொருவர் தினேஷ் படேல். ரெண்டு பேருமே கிரிக்கெட்டர் இல்லை. ஈட்டி எறிபவர்கள்!

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கிரிக்கெட் பவுலருக்கு முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. பிட்சிங் அப்படியே தலைகீழ், வேகமே முழங்கையை மடக்கிச் சுண்டுவதில்தான் வருகிறது. சின்ன வயசிலிருந்து பவுலிங் பழகிய உடம்புக்கு அதை மறப்பது பெரிய வேலை. ஈட்டிக்காரருக்கு அந்த அசைவில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

போட்டிக்கு வரும் முன் ரெண்டு பேரும் பேஸ்பால் என்ற பெயரைக்கூட கேள்விப்பட்டதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் கற்றார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்றில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்.

2009 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, முதல் மேட்ச். ஜூலை 13-ல் ரிங்கு ஜெயித்தார். அன்றைக்கு அவர் பந்து போட்டது ஒரே ஒரு பேட்டருக்கு! பேஸ்பாலில் வெற்றியை ஒரு பிட்சர் பேரில் எழுதுவார்கள். கடைசிவரை விட்டுக்கொடுக்காத முன்னிலையை அணி எடுக்கும்போது யார் பிட்சரோ, பொதுவாக வெற்றி அவர் கணக்கில். ரிலீவருக்கு அடிக்கிற சின்ன லாட்டரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏணியில் எத்தனை படி?

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரிங்கு ஆடியது மேஜர் லீக் இல்லை. அதற்குக் கீழே ரூக்கி, ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக் படிகள் இருக்கின்றன. ஒப்பந்தமாகும் நூற்றுக்கணக்கான பேரில் உச்சிக்குப் போவது கொஞ்சம் பேர்தான். தினேஷை 2010 கடைசியில் பைரேட்ஸ் விடுவித்துவிட்டது. ஊர் திரும்பினார்.

ரிங்கு விடவில்லை. 2012-ல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்ற ஏ நிலை அணிக்கு 39 மேட்ச், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 3.00. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு, நம் எக்கானமி ரேட் மாதிரி. நாலே வருஷம் முன்பு அந்தப் பந்தைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு 3.00 என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை.

இடையில் ஆஸ்திரேலியாவில் கான்பெரா கேவல்ரி அணிக்கும் வீசினார். அதே கான்பெராவில்தான் 2020 டிசம்பரில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்கு முதல் மேட்ச் ஆடினார். தறி வேலை பார்த்தவரின் மகன், நெட் பவுலராகப் போய் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகமானவர், டிஎன்பிஎல்லில் திருப்பூர் தமிழன்ஸுக்கு ஆடுபவர். அவரும் இடது கை, அவருக்கும் கடைசி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பும் வேலைதான்.

பீஸ் ரேட்டைவிட மோசமான சம்பளம்

நடராஜனுக்கு 2021-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்திய அணி வாய்ப்பு அதோடு கை நழுவினாலும் ஐபிஎல் இருந்தது. 2024 சீசனில் 19 விக்கெட், அடுத்த ஏலத்தில் 10.75 கோடி. மைனர் லீக் ரிலீவருக்கு அப்படி ஒரு மெத்தை கிடையாது. ரிங்கு ஆடிய காலத்தில் கீழ்ப்படி வீரர்களுக்கு சீசன் நடக்கும் மாதங்களில் மட்டுமே சம்பளம். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குக் காசு இல்லை. நம்ம ஊரில் ஆர்டர் இல்லாத மாசம் பீஸ் ரேட் டெய்லர் வீட்டில் என்ன நடக்குமோ அதேதான், ஆனால் இங்கே கம்பெனி கூப்பிட்ட நாளிலும் கூலி இல்லை.

இதை எதிர்த்து மைனர் லீக் வீரர்கள் 2014-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். எட்டு வருஷம் கழித்து 18.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. 2022-ல் யூனியனில் சேர்ந்தார்கள், 2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம். அதில் ரூக்கி நிலையின் வருஷ சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது, ஏ நிலையில் 11,000-லிருந்து 26,200. ரிங்கு அதற்குள் ஆட்டத்தை விட்டே போயிருந்தார்.

காரணம் முழங்கை. 2013 சீசன் முழுக்க காயம், பிறகு 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. அறுந்த தசைநாருக்குப் பதில் உடம்பின் வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைத்துக் கட்டுவார்கள். 1974-ல் இதை முதலில் செய்துகொண்ட பிட்சரின் பெயர்தான் அது. திரும்ப வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ரிங்குவுக்கு 2012 சீசனே கடைசியாகிவிட்டது.

இதில் ஒரு கொடுமை என்னன்னா, அவர் கதையை டிஸ்னி படமாக எடுத்து வெளியிட்டது 2014 மே மாதம். 'மில்லியன் டாலர் ஆர்ம்', இசை ஏ.ஆர். ரஹ்மான். தியேட்டரில் ரிங்குவாக நடித்த சூரஜ் சர்மா பந்து எறிந்து கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, நிஜ ரிங்குவால் ஒரு மேட்ச்கூட ஆட முடியவில்லை. படம் பைரேட்ஸ் ஒப்பந்தத்தோடு சுபமாக முடிந்துவிடுகிறது. ரிலீவர் வாழ்க்கை என்று நாம் மேலே பேசியது எதுவும் அதில் கிடையாது.

2018-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரை எடுத்துக்கொண்டது. நெற்றியில் திருநீறு, நீண்ட முடி, 'வீர் மஹான்' என்று பெயர். 'வருகிறார், வருகிறார்' என்று மாதக்கணக்கில் ப்ரோமோ போட்டு 2022 ஏப்ரலில் இறக்கியபோது இந்திய மீம் பக்கங்கள் கொண்டாடித் தீர்த்தன. 2024 ஏப்ரலில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

அவர் பிட்சிங் வீடியோக்களைப் பார்க்க ஆசைப்பட்டால், தேடும்போது 'பேஸ்பால்' என்ற வார்த்தையையும் சேர்த்துப் போடுங்க. இல்லாட்டி அந்த அஞ்சு சிக்ஸர்தான் மறுபடியும் வரும்.