காலியான நாற்காலியில் யார் அமர்வது?

ஊர் மன்றத்தின் உறுப்பினர் ஒருவர் மறைந்து விடுகிறார். அல்லது பதவி விலகுகிறார். அல்லது சட்டப்படி தகுதி இழக்கிறார். அவர் அமர்ந்திருந்த நாற்காலி காலியாகிறது. அதில் மற்றொருவரை அமர்த்தும் உரிமை யாருடையது? எஞ்சியிருக்கும் உறுப்பினர்களுடையதா, அவர் சார்ந்த கட்சியுடையதா, அரசாங்கத்துடையதா, அல்லது வாக்களித்த மக்களுடையதா?

இக்கேள்விக்கு உலகம் ஒரே விடையைத் தரவில்லை. நாச்சியாபுரம் வட்டாரத்து ஊராட்சிகளுக்கும், 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடிக்கும் எது பொருந்தும் என்பதை நம் இல்லங்கள் அறிந்திருப்பது நலம். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் வீட்டு வரியும் அந்த நாற்காலியோடு பிணைந்தவை அல்லவா?

நியமிக்கும் நாடுகள்

அமெரிக்காவின் பல நகரங்களில், காலியான இடத்தை எஞ்சிய உறுப்பினர்களே நியமனத்தால் நிரப்பலாம். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர மன்றத்தில் இது நிகழ்ந்தது. ஓர் உறுப்பினர் மேயரானார். மற்றொருவர் மாவட்ட நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானார். காலியான இரு தொகுதிகளுக்கும் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. 2023 ஜனவரியில், வெளிப்படையான கூட்டத்தில் விண்ணப்பதாரர்களை விசாரித்து, மன்றம் வாக்கெடுத்து இருவரை நியமித்தது. ஒருவர் டொமிங்கோ காண்டெலாஸ். மற்றவர் இந்திய வம்சாவளியினரான அர்ஜுன் பத்ரா. 2024இல் இருவரும் மக்களைச் சந்தித்தனர். காண்டெலாஸ் வென்றார்; பத்ரா தோற்றார். மன்றம் தந்த இடத்தை ஒருவருக்கு மக்கள் உறுதி செய்தனர். மற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுக் கொண்டனர்.

அண்டை நாடான இலங்கையில் வழி வேறு. அங்கே உள்ளூராட்சி உறுப்பினர் இடம் காலியானால் இடைத்தேர்தல் இல்லை. எந்தக் கட்சியின் இடமோ, அக்கட்சியின் செயலாளர் பெயரைத் தருவார், அவர் உறுப்பினராவார். செலவு குறைவு, தாமதமும் குறைவு. ஆயினும் வட்டார மக்களிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

நம் நாட்டின் நெறி

இந்தியா இவ்விரண்டையும் ஏற்கவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள், ஊராட்சி, நகராட்சி உறுப்பினர் இடங்கள் நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்று விதித்தன. நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பறிவு உடையோரை மன்றத்தில் நியமிக்க மாநிலச் சட்டம் இடம் தரலாம். ஆனால் மன்றக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. தமிழக உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழிவகுத்தது. அவ்விடங்களும் கூடுதலானவையே, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நாற்காலியை அவை எடுத்துக் கொள்வதில்லை.

ஆகவே ஒரு வார்டு காலியானால், மாநிலத் தேர்தல் ஆணையம் ‘தற்செயல் தேர்தல்’ நடத்த வேண்டும். 2022 ஜூலை 9இல் தமிழகமெங்கும் இத்தகைய இடங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது. வெற்றி பெறுபவர் எஞ்சிய பதவிக்காலத்துக்கு மட்டுமே உறுப்பினர். அவ்விடம் பெண்களுக்கோ ஆதிதிராவிடருக்கோ ஒதுக்கப்பட்டதாயின் அந்த ஒதுக்கீடும் மாறுவதில்லை.

மேயர் பதவி காலியானாலோ மன்ற உறுப்பினர்கள் கூடித் தம்முள் ஒருவரைத் தேர்வு செய்கின்றனர். 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகியபோது, ஆகஸ்டில் புதிய மேயர்கள் இவ்வாறே தேர்வாயினர். அவர்களும் முன்பே மக்கள் வாக்கால் மன்றத்துக்குள் வந்தவர்களே.

பத்தாண்டு வெறுமை

சட்டம் தெளிவாக இருந்தும் நாற்காலி காலியாகவே கிடந்த வரலாறு நமக்கு அருகிலேயே உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கம் செலுத்தியோர் மனுத் தாக்கலையே தடுத்தனர். வென்றவர் பதவியில் நீடிக்கவும் விடவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். மேலூரை அடுத்த மேலவளவிலோ, துணிந்து பதவியேற்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு நாற்காலியின் விலை சில வேளைகளில் உயிராகவும் இருந்திருக்கிறது.

மன்றமே காலியானால்?

இங்கேதான் ஒரு விந்தை. ஒரேயொரு வார்டு காலியானால் எவரையும் நியமிக்க முடியாது. மன்றம் முழுவதும் காலியானாலோ, அரசு ஒரு ‘தனி அலுவலரை’ நியமித்து விடுகிறது! மன்றத்தின் அதிகாரம் அத்தனையும் அவர் ஒருவர் கைக்குச் செல்கிறது.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, இட ஒதுக்கீட்டுக் குறைகளைக் காட்டி உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்குகள் என ஆண்டுகள் கழிந்தன. சிவகங்கை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகரங்களோ 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. ஊரக மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும், மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். இலங்கையிலும் 2023 மார்ச்சில் கலைந்த மன்றங்களுக்கு 2025 மே 6இல்தான் தேர்தல் வந்தது. இடைக்காலத்தில் அங்கும் அதிகாரிகளின் ஆட்சியே.

ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் ஆணை. அதைத் தட்டிக்கழிக்கலாகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமும் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் வலியுறுத்தியது. தனி அலுவலர் நேர்மையாளராகவும் உழைப்பாளியாகவும் இருக்கலாம். எனினும் பல ஊர்களைச் சுமக்கும் அவரிடம், நம் தெருவின் சாக்கடை அடைப்பைச் சொல்ல நம் வீட்டுப் பெண்கள் எந்த வாசலுக்குச் செல்வார்கள்? தவறு செய்தால் அவரை மாற்ற நம் கையில் வாக்கும் இல்லையே.

நம் கடமை

வாக்கு ஓர் அமானிதம் என்பார்கள் நம் பெரியவர்கள். அமானிதத்தைக் கொடுத்தவருக்கு, அது எங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் உண்டு.

வார்டு காலியானால் தற்செயல் தேர்தல் எப்போது என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கேட்போம். வாக்காளர் பட்டியலில் நம் வீட்டுப் பெயர்கள் உள்ளனவா என்று பார்ப்போம். மணமாகி வந்த மருமகளின் பெயரே பெரும்பாலும் விடுபடுகிறது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஆண்களும் பெண்களும் சென்று குறைகளைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். பெண்களுக்குச் சரிபாதி இடம் சட்டம் தந்திருக்கும் மாநிலம் இது. நம் வீட்டில் படித்த பெண் ஒருத்தி ‘நான் நிற்கிறேன்’ என்றால் தடுக்காமல் இருப்பதும் நம் கடமையே.

நாற்காலியை நிரப்பும் உரிமை மக்களுடையது என்று சட்டம் சொல்லிவிட்டது. கேட்பாரற்ற உரிமையோ, காலியான நாற்காலியைப் போலவே தூசி படிந்து கிடக்கும்.