வறுமையில் வாழும் செடிகள்

கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய 'ஒடிசி' காவியத்திலே ஒரு காட்சி வருகிறது. திரோயப் போரின் இழப்புகளை நினைந்து அரண்மனையில் இருந்தோர் கண்ணீர் உகுக்கின்றனர். அவ்வேளை ஹெலன் என்னும் பேரழகி அவர்கள் அருந்தும் மதுவிலே ஒரு மருந்தைக் கலக்கிறாள். அதனைப் பருகியோர் அன்று முழுவதும் எத்துணைப் பெருந்துயரையும் மறந்திருப்பராம். அம்மருந்தின் பெயர் நெபந்தே. 1737ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுத் தாவரவியற் பேரறிஞர் லின்னேயஸ், இலங்கையிலே காணப்பட்ட ஒரு செடிக்கு இப்பெயரைத் தேர்ந்து சூட்டினார். நெடுவழி நடந்து களைத்த தாவரவியலாளன் இச்செடியைக் கண்ட மாத்திரத்தே பட்ட துன்பமெல்லாம் மறப்பான் என்பது அவர் கருத்து.

சிங்கள மக்கள் 'பாந்துரா' என வழங்கும் செடியே அது. தாவரவியலார் நெபந்திஸ் டிஸ்டில்லட்டோரியா என்பர். இலங்கையின் ஈரவலயத்துத் தாழ்நிலங்களிலே, சிங்கராசாக் காட்டின் ஓரங்களிலும் நீர் கசியும் வெளிகளிலும் படரும் இச்செடி, உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. இலையின் நுனி நரம்பு கொடியாக நீண்டு, அதன் முனையிலே மூடியுடன் கூடிய ஒரு சிறு கெண்டி தொங்கும். ஆதலின் கெண்டிச் செடி என்றே ஈண்டு வழங்குவோம். கெண்டியின் அடியிலே செடி தானே சுரந்த நீர் தேங்கி நிற்கும். தேனை நாடி விளிம்பிலே ஏறும் எறும்பு, விளிம்பு ஈரமாயிருப்பின் கால் வழுக்கி உள்ளே வீழும். ஏறிவர முயன்றால் மெழுகு பூசியது போன்ற உட்சுவர் இடங்கொடாது. பின்னர் அந்நீரிலுள்ள நொதியங்கள் அதனைச் சமிபாடடையச் செய்யும்.

இத்தகைய பூச்சியுண்ணும் செடிகளையும் ஓர்கிட் செடிகளையும் வீட்டினுள்ளே சேர்த்து வளர்க்கும் ஆசை இந்நாளிற் பலரிடம் காணப்படுகிறது. வாங்கி வருகின்றனர்; யன்னலோரம் வைக்கின்றனர்; நல்ல மண்ணிட்டு, உரமிட்டு, காலையும் மாலையும் நீரூற்றுகின்றனர். மூன்று மாதத்திற் செடி கருகிப் போகிறது. கவனக் குறைவினால் மடியும் செடிகளிலும் இவ்வாறு அன்பு மிகுதியால் மடிவனவே அதிகம் என்று துணிந்து கூறலாம்.

காரணம் யாதெனின், இவ்விரு குலத்துச் செடிகளும் வறுமைக்கெனவே அமைந்தவை. பூச்சியுண்ணும் செடிகள் வாழும் சதுப்பிலும் மணலிலும் நைதரசனும் பொசுபரசும் அருமை. இருந்த சிறிதையும் மழை கழுவிச் செல்லும். அக்குறையை நிரப்பவே அவை பூச்சியைப் பிடிக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மாப்பொருளை ஏனைய செடிகளைப் போல ஞாயிற்றொளியிலேதான் ஆக்கிக்கொள்கின்றன. எனவே பூச்சி அவற்றுக்கு உணவன்று, எரு. 'மாமிசபட்சணி' என்று பெயரிட்டு நாம் அஞ்சுவதெல்லாம் வீண். ஓர்கிட்டின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. அயனமண்டலத்து ஓர்கிட்டுகளிற் பெரும்பாலானவை மரக்கிளையிலே ஒட்டி வாழ்வன. குருவிச்சை போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவற்றின்மேற் சுமத்தப்பட்ட வீண்பழி. மரம் கொடுப்பது நிற்க ஓரிடம் மாத்திரமே. பட்டையில் வழியும் மழைநீரும் அதிலே கரைந்த தூசியுமே அவற்றின் செல்வம்.

இவ்விரு குலத்தையும் ஒரே மனையில் வளர்த்து ஆராய்ந்தவர் சாள்ஸ் டார்வின். 1860ஆம் ஆண்டுக் கோடையிலே, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு புதர்வெளியில், பனித்துளிச் செடியாகிய துரொசேராவின் இலைகளில் எத்தனை பூச்சிகள் ஒட்டியிருக்கின்றன என்று கண்டு அவர் வியந்தார். சில செடிகளை வீட்டுக்குக் கொணர்ந்தார். 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து உலகம் அதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவரோ, உலகத்து உயிரினங்கள் அனைத்தின் தோற்றத்தினும் இச்செடியே தமக்குப் பெரிதாயிருக்கிறது என்ற கருத்துப்பட நண்பருக்கு எழுதினார். பச்சை இறைச்சி, முட்டையின் வெண்கரு, பால், கண்ணாடித் துகள், தலைமயிர்த் துணுக்கு எனப் பலவற்றையும் இலையிலே வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய மயிர்த்துணுக்குக்கு உணர்கொம்பு வளைந்தது. மேலிருந்து விழும் நீர்த்துளிக்கோ அசையவில்லை. மழைக்கெல்லாம் வளைந்துகொண்டிருந்தால் செடி பிழைப்பது எங்ஙனம்?

1862இல் ஓர்கிட் மலர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். மறு ஆண்டு டவுன் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்திலே வெப்பக் கண்ணாடிமனை ஒன்றை அமைப்பித்து, கியூ தாவரப் பூங்காவிலிருந்து செடிகளைப் பெற்று நிரப்பினார். 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' 1875இல் வெளிவந்தது. பூச்சியால் இச்செடிகளுக்கு மெய்யாகவே பயனுண்டா என்று ஐயுற்றோர் அப்போதும் இருந்தனர். அவருடைய மைந்தர் பிரான்சிஸ் 1878இல் அதற்கு விடையளித்தார். இறைச்சித் துணுக்கு இடப்பட்ட துரொசேராச் செடிகள், இடப்படாதவற்றிலும் மிகுதியான விதைகளை ஈன்றன.

டார்வினின் மனையில் நிகழ்ந்ததை நம் விறாந்தையில் நிகழ்த்த விரும்புவோர் முதலிற் சிந்திக்கவேண்டியது நீரைப் பற்றி. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்தலின் உட்புறத்திலே வெள்ளைப் படையாய்ப் படிகிறதே, அவ்வுப்பு கெண்டிச் செடிக்கும் துரொசேராவுக்கும் நஞ்சு. கொதிக்கவைத்தாலும் அது முற்றும் நீங்காது. மழைநீர் ஒன்றே சிறந்தது. முதன் மழை கூரையைக் கழுவிச் சென்றபின் பீலியில் வழியும் நீரைப் பீப்பாவிற் சேமிக்கலாம். ஆயின் இந்நாட்டிலே நீரைச் சேமிப்போன் நுளம்பையும் நினைக்கவேண்டும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்நோயைப் பரப்பும் நுளம்பு தெளிந்த நீர் தேங்கும் சிறு கலங்களையே நாடுவது. ஆகவே பீப்பாவின் வாயை நெருங்கிய வலையால் மூடுதல் வேண்டும். சாடியின் கீழ்த்தட்டை வாரம் ஒரு முறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். பூச்சியுண்ணும் செடி இருக்க நுளம்புக்கு அஞ்சுவானேன் என்று சிலர் கேட்பர். ஒரு செடி பிடிக்கும் நுளம்பு கணக்கில் வராது; கெண்டி நீரிலேயே குஞ்சு பொரிக்கும் நுளம்பினங்களும் உண்டு.

மண் என்று வழங்குவதற்குக் கூச்சப்படத்தக்க கலவையே இவற்றுக்கு ஏற்றது. பலமுறை மழைநீரில் அலசி உப்பு நீக்கிய தென்னந்தும்பு, பருத்த ஆற்றுமணல், சிறிது மரக்கரி. கிடைக்குமாயின் ஸ்பாக்னம் என்னும் பஞ்சுப்பாசி. கடல்மணல் ஆகாது. உரம் வேண்டவே வேண்டாம். கெண்டிச் செடியின் வேர் ஈரத்தை விரும்பும். ஆயினும் தேங்கிய நீரில் அழுகிவிடும். துரொசேராவை மாறாக நனைந்த தட்டிலேயே நிறுத்தலாம். காலை வெயில் படும் கீழ்த்திசை யன்னல் இவற்றுக்கு உவப்பானது. வெயில் எட்டாத அறைகளில் இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு வளர்ப்போரும் உளர். இலை தழைத்தும் கெண்டி தோன்றவில்லையாயின், காற்று வறண்டிருக்கிறது அல்லது ஒளி போதவில்லை என்று கொள்க. மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் நேரே வைப்போர் இதனாலேயே ஏமாறுவர். கெண்டியிலுள்ள நீரை அழுக்கென்று கொட்டிவிடலாகாது. கறித்துண்டு இடுவதும் கூடாது. அது அழுகிக் கெண்டியையும் அழுகச் செய்யும். இரண்டோர் எறும்புகள் ஒரு மாதத்துக்குப் போதும். அவற்றையும் செடியே தேடிக்கொள்ளும்.

கடைகளிலே பெரிதும் விலைபோவது வீனஸ் ஈப்பொறி என்னும் செடி. வாய்போல் விரிந்த இலையிலே உணர்மயிர்கள் உள்ளன. இருபது வினாடிக்குள் இருமுறை தீண்டப்பட்டால் இலை மூடிக்கொள்ளும். ஒருமுறை தீண்டியது தூசியாக இருக்கலாம் என்று எண்ணுவது போலும்! ஆனால் ஓரிலை தன் ஆயுளிற் சில தடவையே மூடித் திறக்க வல்லது. பிள்ளைகள் விரலால் தொட்டு விளையாடுவது அச்செடியின் உயிரைச் செலவிடுவதாகும். மேலும் அதன் தாயகம் அமெரிக்காவின் இரு கரொலைனா மாநிலங்களில் ஒரு சிறு நிலப்பரப்பு. அங்கே குளிர்காலம் உண்டு. மூன்று நான்கு மாதம் அது உறங்கவேண்டும். உறக்கமற்ற நம் தாழ்நாட்டு வெப்பத்தில் அது நாளடைவிற் சோர்ந்து மடியும். அதனை நாம் விட்டுவிடுதலே நன்று. நம் நாட்டுத் தாழ்நிலங்களிலும் வளரும் துரொசேரா பர்மனி என்னும் சிறு செடி வெப்பத்துக்கு அஞ்சுவதில்லை. அதன் வெளிவிளிம்புக் கொம்புகள் சில வினாடிகளில் வளைந்து பூச்சியைப் பற்றும். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட டச்சு அறிஞர் பர்மனின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஓர்கிட்டுக்கு வருவோம். அதன் வேரைச் சுற்றி வெண்பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. உலர்ந்தபோது சாம்பல் வெண்மையாகவும் நனைந்தபோது பச்சையாகவும் தோன்றும். இதனினும் நல்ல நீர்மானி வேண்டுமா? வேர் வெண்மையான பின்னரே நீரூற்றுக. மண்ணிலே புதைத்தால் வேருக்கு மூச்சு முட்டும். கரித்துண்டும் பொச்சுத்துண்டும் போதும். அந்துப்பூச்சி போன்ற மலர்களையுடைய பலனொப்சிஸ் பூத்த நிலையில் விற்கப்படுகிறது. பூ இரண்டு மூன்று மாதம் வாடாதிருக்கும். ஆனால் வெப்பம் 28 பாகை செல்சியசுக்கு மேல் நீடிக்குமிடத்தில் அது மீண்டும் பூந்தண்டு விடுவதில்லை. கண்டியில் எளிதாய்ப் பூப்பது கொழும்பில் இலையாகவே நிற்பதன் மருமம் இதுவே. தாழ்நாட்டார் வெப்பத்துக்குப் பழகிய டென்ட்ரோபியம், வாண்டா வகைகளை நாடுவதே அறிவுடைமை. அவை அறையின் மூலையில் வாழா. ஒளி மிகுந்த விறாந்தை வேண்டும்.

இனி, சொல்லாது விடத்தகாத ஒன்றுண்டு. செடியை எங்கிருந்து பெறுவது? 1829இல் லண்டன் மருத்துவர் நதானியல் வாட், மூடிய போத்தல் ஒன்றில் பன்னச்செடி தானே முளைத்து வாழ்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே வாட் பெட்டி என்னும் கண்ணாடிப் பெட்டி. இன்று மேசைமேல் வைக்கும் கண்ணாடித் தோட்டங்களுக்கு அதுவே மூதாதை. 1876இல் கியூவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் 38 வாட் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. அப்பெட்டி தந்தது அவ்வளவு. அது கொண்டுபோனதோ கொஞ்சநஞ்சமன்று. ஐரோப்பியச் செல்வரின் ஓர்கிட் மோகத்துக்காகக் காடுகள் சூறையாடப்பட்டன. அல்பேட் மில்லிக்கன் என்னும் ஓர்கிட் வேட்டைக்காரர் 1891இல் வெளியிட்ட நூலிலே, கொலம்பியாவில் ஏறத்தாழ 10,000 செடிகளைப் பெற 4,000 மரங்களை வெட்டி வீழ்த்தியதைத் தாமே எழுதியுள்ளார். எழுதும்போது அவர் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

அன்று அதற்கு ஒரு சாட்டு இருந்தது. ஓர்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. தன்னுள்ளே உணவின்றிப் பிறப்பது. எவ்வளவு தூவியும் முளைக்கவில்லை. ஒருவகைப் பூஞ்சணம் உட்புகுந்து ஊட்டினாலன்றி அது முளையாது என்று 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயெல் பெர்னாட் கண்டார். சீனி கலந்த ஏகார்க் கூழிலே பூஞ்சணமின்றியே முளைப்பிக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். அன்றோடு அச்சாட்டும் ஒழிந்தது. இன்று கடைக்கு வரும் ஓர்கிட்டுகள் பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையிற் பிறந்தவை. கெண்டிச் செடியும் அவ்வாறே பெருக்கப்படுகிறது. இலங்கை மலைநாட்டில் அமைந்த போர்னியோ எக்சோட்டிக்ஸ் என்னும் பண்ணை, அங்ஙனம் வளர்த்த கெண்டிச் செடிகளுக்காக லண்டன் செல்சி மலர்க்காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றது.

இருந்தும் காட்டுச் செடியைப் பிடுங்கும் கைகள் ஓயவில்லை. இலங்கைக்கேயுரிய டென்ட்ரோபியம் மக்காத்தியே, பின்னர் ஆளுநராய் விளங்கிய மக்காத்தியின் மனைவியார் பெயரால் 1855இல் அறிமுகமான செடி. வைகாசியில் பூப்பதால் வெசாக் மலர் எனப்படுவது. தாழ்நாட்டு ஈரக்காட்டுக்கு வெளியே அது தழைப்பது அரிது. பிடுங்கிச் சென்றவன் வீட்டிலும் வாழ்வதில்லை, காட்டிலும் இல்லாது போகிறது. ஒதுக்கக் காடுகளிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். 1973ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின்படி, ஓர்கிட், கெண்டிச் செடி ஆகியவற்றின் எவ்வினத்தையும் நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும். வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது வளர்க்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா? விற்பவர் தயங்கினால் வெறுங்கையோடு திரும்புவது மேல்.

ஒரு கெண்டிச் செடி நன்கு வேரூன்றியபின் அதன் தண்டை இரண்டு மூன்று கணுவுடன் வெட்டி நட்டுப் புதுச்செடி ஆக்கலாம். ஆனால் விதை வேண்டுமாயின் ஒரு செடியால் ஆகாது. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளிலேயே பூக்கும். பூக்குமட்டும் எது ஆண் எது பெண் என்று எவராலும் பார்த்துக் கூற இயலாது. ஒருவர் வீட்டில் ஆண்செடி பூத்திருக்கையில் பெண்செடி பூத்திருக்கும் மற்றொரு வீட்டைத் தேடவேண்டும். ஆகவே, தூரிகையால் ஒற்றியெடுத்த மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அஞ்சலில் அனுப்பிக்கொள்கின்றனர் இச்செடிகளை வளர்ப்போர்.