கிராப்டோலைட்டுப் பெயர்களும் தமிழாக்கமும்

‘எழுதப்பட்டது’, ‘கல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே கிராப்டோலைட்டு என்னும் பெயர். 1735இல் லின்னேயஸ் இதன் மூலவடிவத்தை ஆண்டபோது, உண்மையான தொல்லுயிர்ப் படிவங்களை அன்றி, அவைபோல் தோன்றும் கற்குறிகளையே கருதினார். தமிழில் ‘எழுத்துக்கல்’ எனின் சொற்பொருள் வழுவாது. ஆயினும் கல்வெட்டு வழக்கு வேரூன்றிய மொழியில் அது படிப்போரை வேறிடத்திற்கு இட்டுச்செல்லும். எனவே ஒலிபெயர்ப்பே ஏற்றது.

இவை கூட்டமாக வாழ்ந்த சிறு கடலுயிரிகளின் கூடுகள். கருநிறக் களிப்பாறையில் நசுங்கிக் கரிப்படலமாய் எஞ்சியவை சிறு ரம்பத்தகடுபோல் தோன்றும். கிளைகள் எத்தனை, எத்திசையில் வளர்ந்தன, குழல்கள் கிளையின் ஒருபுறமா இருபுறமா, 10 மில்லிமீட்டரில் எத்தனை குழல்கள் என்பவற்றை விளக்குநர் குறிப்பர். இருவரிசைக் கூடு ஒன்று பக்கவாட்டில் நசுங்கினால் இருபுறமும் பற்கள் தெரியும்; வேறு கோணத்தில் நசுங்கினால் ஏணிபோல் தெரியும். ஒன்றையே இரண்டாகக் கொள்ள இது இடந்தரும்.

மொழிபெயர்ப்பாளர் இடறுமிடம் பேரினப் பெயர்களே. டிடிமோகிராப்டஸ் என்பதில் ‘இரட்டையர்’ என்னும் பொருளும், டிப்ளோகிராப்டஸ் என்பதில் ‘இருமடி’ என்னும் பொருளும் உள்ளன. இரண்டையும் ‘இரட்டை’ என்று பெயர்த்தால் வகைப்பாடே குலையும்: முன்னது ஒருபுறம் மட்டும் குழல்கள் அமைந்த இரு கிளைகளை உடையது; பின்னது ஒரே தண்டில் இருவரிசைக் குழல்களை உடையது. ஆகவே பெயரை ஒலிபெயர்த்து, வருணனையில் ‘இருகிளை’, ‘இருவரிசை’ என வேறுபடுத்துதல் வேண்டும். மோனோகிராப்டஸ் ‘ஒருவரிசை’ உடையது.

பெயர் பாறையடுக்கிற்கும் உரியதாகிவிடுவதால் இம்முறை மேலும் இன்றியமையாதது. தென் ஸ்காட்லாந்தின் டாப்ஸ் லின் பகுதியில் ஆய்ந்த சார்லஸ் லாப்வொர்த், மொஃபட் களிப்பாறைகளின் அடுக்குமுறையைக் கிராப்டோலைட்டுகளைக் கொண்டே 1878இல் நிறுவினார். சைலூரியன் காலத் தொடக்கத்தின் உலக எல்லைப்புள்ளியும் அங்கேயே உள்ளது. அக்கிடோகிராப்டஸ் அசென்சஸ் முதன்முதல் தோன்றும் இடம் அது. சிற்றினப் பெயரைத் தமிழாக்கினால் அடுக்கையே அடையாளங்காண இயலாது.

உறுப்புப் பெயர்களின் நிலை வேறு. அவற்றைத் தமிழாக்கலாம், ஆக்கவும் வேண்டும். ஆனால் மூலச்சொல்லே மாறுகிறது என்பது நோக்கத்தக்கது. கூட்டுக் கூட்டை முன்னைய நூல்கள் ‘ராப்டோசோம்’ என்றன, நேர்ப்பொருள் ‘கோலுடல்’. அது உடலன்று, உயிரிகள் சுரந்த உறையே. சுருளாய் வளைந்தவற்றைக் ‘கோல்’ என்பதும் பொருந்தாது. போலந்துப் பாறையிலிருந்து அமிலத்தால் பிரித்தெடுத்த முப்பரிமாணப் படிவங்களை ஆராய்ந்த கொஸ்லோவ்ஸ்கி, இக்குழற்சுவர்கள் இன்றும் வாழும் டெரோபிராங்க்குகளின் சுவரை ஒத்தவை எனக் காட்டினார். அண்மை நூல்களில் ‘டியூபேரியம்’ பெருகியுள்ளது. ‘குழற்கூடு’ இதற்கு இயல்பாய் அமையும்.

2013இல் வெளிவந்த மரபுவழி ஆய்வொன்று, இன்றும் கடலில் வாழும் ராப்டோப்ளூராவைக் கிராப்டோலைட்டுகளுள்ளேயே வைத்தது. ஆதலின் ‘முற்றும் அழிந்த உயிரினம்’ என்னும் அகராதி விளக்கம் திருத்தத்திற்குரியது. உறுப்புப்பெயரில் கைவிடப்பட்டுவரும் ‘கோல்’ ராப்டோப்ளூரா என்னும் பெயரிலும் உண்டு. பேரினப் பெயராதலின் அது அங்கு நிலைபெறும்.