எலும்பா, கல்லா, மரமா?

எங்க கணியூர் பக்கம் அமராவதி ஆத்து மணலில் பளபளப்பா ஒரு முக்கோணக் கல் கிடைத்தால், அதைச் சுறாப் பல் என்று நான் நம்பமாட்டேன். வடிவத்துக்கு முன்னால் பாறையைப் பார்க்கணும். இந்த ஆறு ஓடி வருவது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ் பாறை மேல். அதற்குள் எலும்போ பல்லோ இருக்க வழியே இல்லை. ஆத்துல எலும்பு கிடைத்தால், அநேகமா மாட்டெலும்புதான்.

சுறாப் பல் வேணும்னா அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகணும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. சுறாவின் உடல் குருத்தெலும்பு; அது மக்கிப் போகும், பல்தான் மிஞ்சும். மழையும் ஓடையும் உருட்டிய பல்லில் முதலில் தேய்வது வேர்ப்பகுதி. மேல்பூச்சு கடினமானது, மினுக்கத்தோடு அது மட்டும் நிற்கும். வேர் இல்லையேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

அதே மண்ணில் ஆளை ஏமாற்றுவது பெலம்னைட். துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். கணவாய்க்கு உறவான ஒரு உயிரின் உள்ளோடு. உடைந்த முகத்தைப் பார்த்தால், நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி போலப் படிகங்கள் விரியும். கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும், ஏன்னா அது கால்சைட். பல் பாஸ்பேட், நுரைக்காது. எலும்பும் பாஸ்பேட்தான், ஆனால் அதன் துளைகளில் கால்சைட் புகுந்திருந்தால் நுரைக்கும். அதனால இந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது.

எலும்புக்கும் உடைந்த முகம்தான் சாட்சி: வெளியே இறுகிய ஓடு, உள்ளே ரஸ்க் மாதிரி துளைகள். கல்லாகிப்போன மரத்தில் நீளவாக்கில் நார் ஓடும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் நிபுணர்களே குழம்புவார்கள். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் விவரித்த புருஹத்காயோசாரஸ் அப்படித்தான். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றா, இல்லை மரத்துண்டுகளா என்று பல ஆண்டுகள் சந்தேகம் நிலவியது. எடுத்துப் பார்க்கலாம்னா எலும்புகள் நொறுங்கிப் போயிருந்தன. கோட்டோவியங்கள் இருந்தன, பழைய புகைப்படங்கள் 2022ல்தான் வெளியாயின.

அதனால கையில் எடுக்கும் முன்பே போன்ல படம் எடுங்க. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், உடைந்த முகத்துக்குத் தனியா ஒரு படம், லொகேஷன் ஆன்ல இருக்கட்டும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டவேண்டாம். பெரிய எலும்பு மாதிரி தெரிந்தால் தோண்டாம அப்படியே விட்டுட்டு, வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் படத்தைக் காட்டுங்க.